கொச்சியில் பிறந்த கடல் கோட்டை!

2022-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் அன்று திருவிழா.

கரை ஓரத்தில் மலை போல ஒரு கப்பல் நின்றது. பிரதமர் நரேந்திர மோடி அதை நாட்டின் கடற்படையில் சேர்த்து வைத்தார். வாத்தியங்கள் முழங்கின. கடற்படையின் புதிய கொடியும் அன்றுதான் அறிமுகம் ஆயிற்று.

அந்தக் கப்பலின் பெயர் "விக்ராந்த்". விமானங்களைத் தாங்கிச் செல்லும் போர்க்கப்பல். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கிக் கப்பல் இதுதான்.

வெள்ளை உடுப்பில் நின்ற மாலுமிகளை எல்லோரும் பார்த்தார்கள். படம் பிடித்தார்கள். ஆனால், அந்தக் கப்பலை உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள். இரும்புத் தகடு வெட்டியவர்கள், நெருப்புப் பொறி பறக்க அதை ஒட்டியவர்கள், குழாய் பொருத்தியவர்கள், மின்சாரக் கம்பி இழுத்தவர்கள், வர்ணம் அடித்தவர்கள்.

அவர்களுக்கும் அன்று மகிழ்ச்சிதான். 13 ஆண்டு உழைப்பு முடிந்தது அல்லவா?

ஆனால், கல்யாண வீட்டில் பந்தல் பிரிக்கும்போது சமையல்காரருக்கு ஒரு கவலை வரும். "அடுத்த முகூர்த்தம் எங்கே?" என்று. கப்பல் கட்டும் தொழிலாளியின் கவலையும் அதுதான். "ஒரு கப்பல் முடிந்துவிட்டது. அடுத்த கப்பல் எங்கே?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

கடலில் ஓர் ஊர்

முதலில் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

விக்ராந்தின் நீளம் 262 மீட்டர். அதாவது, சுமார் 860 அடி. அகலம் 62 மீட்டர். உயரம் 59 மீட்டர். எடை ஏறக்குறைய 43 ஆயிரம் டன்.

உள்ளே 14 தட்டுகள். தட்டு என்றால், வீட்டுக்கு மாடி போல. மொத்தம் 2,300 அறைகள். சுமார் 1,600 பேர் அதில் தங்கி வேலை செய்யலாம். பெண் அதிகாரிகளுக்கும் தனி அறைகள் உண்டு.

ஆஸ்பத்திரி இருக்கிறது. அதில் ஆபரேஷன் செய்யும் அறை, எக்ஸ்ரே, பல் வைத்தியம் எல்லாம் உண்டு. மின்சாரம் கொண்டு செல்லும் கம்பிகளின் மொத்த நீளம் சுமார் 2,500 கிலோ மீட்டர். கொச்சியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே போனால் காசியைத் தொட்டுவிடலாம்!

கப்பலின் மேல்தட்டுதான் விமானம் இறங்கும் இடம். முன்முனை மேல் நோக்கி வளைந்திருக்கும். விமானம் வேகமாக ஓடி, அந்த வளைவில் ஏறி, வானத்தில் எழும்பிவிடும். இறங்கும்போது விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும். தட்டின் குறுக்கே கட்டிய கம்பியில் அது மாட்டிக்கொள்ளும். ஓடி வரும் மாட்டைக் கயிறு போட்டு நிறுத்துவது போல, விமானம் நின்றுவிடும்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு மணிக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல் வேகத்தில் கப்பல் ஓடும்.

வாங்கிய கப்பல்கள்

"விக்ராந்த்" என்ற பெயர் புதியது அல்ல. முன்பும் ஒரு விக்ராந்த் இருந்தது.

அது பிரிட்டனில் பாதி கட்டி நிறுத்தப்பட்ட கப்பல். 1957-ம் ஆண்டு இந்தியா அதை வாங்கியது. மீதி வேலை முடிந்து, 1961-ம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971-ம் ஆண்டு யுத்தத்தில் வங்காள விரிகுடாவில் அது பெரும் பங்கு வகித்தது. 1997-ல் ஓய்வு பெற்றது. பிறகு பம்பாயில் சில காலம் காட்சிசாலையாக நின்றது. கடைசியில் உடைக்கப்பட்டது. அதன் பெயரைத்தான் கொச்சிக் கப்பலுக்கு வைத்தார்கள்.

அடுத்து வந்த "விராட்" கப்பலும் பிரிட்டன் பயன்படுத்திய கப்பல்தான்.

மூன்றாவது "விக்கிரமாதித்யா". இது ரஷ்யாவின் பழைய கப்பல். கப்பலுக்கு விலை வேண்டாம், பழுது பார்த்துப் புதுப்பிக்கும் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்பது பேச்சு. 2004-ம் ஆண்டு ஒப்பந்தம் ஆனபோது அந்தச் செலவு சுமார் 97 கோடி டாலர். வேலை நடக்க நடக்கச் செலவு ஏறியது. கடைசியில் 235 கோடி டாலர் ஆயிற்று! 2008-ல் வரவேண்டிய கப்பல் 2013-ல்தான் வந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை நன்றாகவே பார்த்திருக்கலாம்!

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அந்தப் பணத்தில் கூலி வாங்கியவர்கள் ரஷ்யத் தொழிலாளிகள். அங்குள்ள பட்டறைதான் வளர்ந்தது. நமக்குக் கிடைத்தது கப்பல் மட்டும். கப்பல் கட்டும் கை கிடைக்கவில்லை.

மறந்துபோன தொழில்

கப்பல் கட்டுவது இந்த நாட்டுக்குத் தெரியாத தொழிலா? இல்லை.

200 ஆண்டுகளுக்கு முன்னால் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தார்கள். 1817-ல் அப்படிக் கட்டிய ஒரு கப்பலின் பெயர் "டிரிங்கோமலி". நம் திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர் அப்படிச் சொன்னார்கள். அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது!

பிறகு இரும்புக் கப்பல் வந்தது. நீராவி வந்தது. அந்தத் தொழில் இங்கே வளர இடம் இல்லாமல் போயிற்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கம்பெனி சுதேசி, மூலதனம் சுதேசி. ஆனால், கப்பல்களை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது.

தேக்கில் கட்டத் தெரிந்த நாடு, இரும்பில் கட்டுவதை ஆரம்பத்திலிருந்து படிக்க நேர்ந்தது.

1948-ல் விசாகப்பட்டினத்தில் கட்டிய "ஜல உஷா" என்ற சரக்குக் கப்பலைப் பிரதமர் நேரு கடலில் இறக்கினார். 1960-ல் பம்பாய் மசகான் தளத்தையும் கல்கத்தா கார்டன் ரீச் தளத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1961-ல் கல்கத்தாவில் கட்டிய "அஜய்" என்ற சிறு ரோந்துக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. 1972-ல் பம்பாயிலிருந்து "நீலகிரி" வந்தது. நம் நீலகிரி மலையின் பெயர்தான். பிரிட்டிஷ் மாதிரியைப் பார்த்து இங்கே கட்டிய பெரிய போர்க்கப்பல் அது.

அந்த 1972-ம் ஆண்டில்தான் கொச்சிக்கும் நல்ல காலம் பிறந்தது.

கொச்சியில் போட்ட கல்

1972 ஏப்ரல் மாதம் பிரதமர் இந்திரா காந்தி கொச்சியில் கப்பல் கட்டும் தளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஜப்பான் நாட்டின் மிட்சுபிஷி கம்பெனி தொழில் நுட்ப உதவி செய்தது.

முதல் கப்பல் வெளியே வர 9 ஆண்டு ஆயிற்று. "ராணி பத்மினி" என்பது அதன் பெயர். 75 ஆயிரம் டன் சரக்கு ஏற்றக்கூடியது. 1981-ல் அது சொந்தக்காரர் கைக்குப் போயிற்று.

அதன் பிறகு எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல் என்று பல கட்டினார்கள். பழுது பார்க்கும் வேலையும் நடந்தது. கை பழகியது. கண் பழகியது. ஆனால், போர்க்கப்பல் கட்டியதில்லை.

முதல் போர்க்கப்பலே விமானந்தாங்கிக் கப்பல்! குடிசை கட்டாதவனிடம் கோபுரம் கட்டச் சொன்ன கதைதான்.

இரும்பு எங்கே?

கப்பலுக்கு வரைபடம் போட்டவர்கள் நம் கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவினர். படம் தயார். தளம் தயார். ஆனால், இரும்பு?

சாதாரண இரும்பு போர்க்கப்பலுக்கு ஆகாது. குண்டு விழுந்தாலும் கண்ணாடி போல உடையக் கூடாது. வளைந்து கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரைத் தாங்க வேண்டும். நன்றாக ஒட்டவும் வேண்டும். அப்படிப்பட்ட உருக்கை ரஷ்யாவிலிருந்து வாங்குவதாக இருந்தது. அது உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

வேலை நின்றுவிடும் போலிருந்தது. அப்போது ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக் கூடத்தின் விஞ்ஞானிகள் கை கொடுத்தார்கள். அரசாங்கத்தின் உருக்கு நிறுவனமான "செயில்" அவர்களோடு சேர்ந்தது. புதிய வகை உருக்குப் பிறந்தது. பிலாய், ரூர்கேலா, பொகாரோ ஆகிய ஊர்களின் ஆலைகளிலிருந்து தகடுகள் கொச்சிக்கு வந்தன. இந்தக் கப்பலுக்காக "செயில்" அனுப்பிய உருக்கு சுமார் 30 ஆயிரம் டன்.

அதோடு கதை முடியவில்லை. கல்கத்தாவில் கட்டிய "கமோர்ட்டா" முதலிய மற்றப் போர்க்கப்பல்களுக்கும் அதே வகை உருக்கைப் பயன்படுத்தினார்கள். ஒரு கப்பலுக்குத் தேடிய மருந்து, குடும்பத்துக்கே உதவிற்று!

கப்பல் கட்டுவது எப்படி?

வீடு கட்டுவது போல அடியிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கப்பல் கட்டுவது இல்லை.

முதலில் தகடுகளை அளவாக வெட்டுவார்கள். வெட்டிய தகடுகளை ஒட்டி, பெரிய பெரிய துண்டங்களாகச் செய்வார்கள். ஒவ்வொரு துண்டமும் ஒரு வீட்டளவு இருக்கும். ராட்சதக் கிரேன் அதைத் தூக்கிப் பள்ளமான தொட்டியில் இறக்கும். துண்டத்தோடு துண்டம் சேர்த்து ஒட்டுவார்கள்.

இந்த ஒட்டு வேலைதான் வெல்டிங். கப்பலின் உயிர் அதில் இருக்கிறது. தையல் பிரிந்தால் சட்டை கிழியும். ஒட்டு பிரிந்தால் கப்பல் மூழ்கும்! அதனால் முக்கியமான ஒட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மனிதனின் எலும்பில் விரிசல் பார்ப்பது போல, உருக்கின் உள்ளே விரிசல் பார்ப்பார்கள். மயிரிழை அளவு குறை இருந்தாலும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

விக்ராந்துக்கு 2005-ல் முதல் தகடு வெட்டினார்கள். 2009 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கட்டை வைத்தார்கள். அடிக்கட்டை என்பது கப்பலின் முதுகெலும்பு. 2013 ஆகஸ்டு 12-ந் தேதி கப்பலைத் தண்ணீரில் விட்டார்கள். பெண் ஒருவர் கையால் அதைச் செய்வது கடற்படை வழக்கம். அப்போது பாதுகாப்பு மந்திரியாக இருந்த ஏ. கே. அந்தோணியின் மனைவி எலிசபெத் அந்தோணி அதைச் செய்தார்.

மிதந்தால் கப்பல் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. கூரை போட்ட வீடு போலத்தான் அது. கதவு, விளக்கு, குழாய், அடுப்பு எல்லாம் பிறகு வரும். அந்த உள்வேலைதான் நீண்டது. 2021 ஆகஸ்டில் கப்பல் முதன்முறையாகச் சோதனைக்குக் கடலில் சென்றது. 2022 ஜூலையில் கடற்படைக்குக் கைமாறியது.

20 ஆயிரம் கோடி எங்கே போயிற்று?

விக்ராந்துக்கு ஆன செலவு சுமார் 20 ஆயிரம் கோடி ரூபாய். சாதாரணக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு மலைப்பாக இருக்கும். "இத்தனை பணத்தைக் கடலில் கொட்டுவதா? பள்ளிக்கூடம் கட்டலாமே!" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

மூன்று பக்கமும் கடல் உள்ள நாட்டுக்குக் காவல் வேண்டும். காவலுக்குச் செலவும் உண்டு. அந்தச் செலவு எந்த ஊரில் நடக்கிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

விக்ராந்தில் 100-க்கு 76 பங்கு உள்நாட்டுப் பொருளும் உழைப்பும் என்று அரசாங்கம் கணக்குச் சொல்கிறது. அதாவது, நான்கில் மூன்று பங்கு ரூபாய் நாட்டுக்குள்ளேயே சுற்றியது.

கொச்சித் தளத்தின் ஊழியர்கள் சுமார் 2,000 பேர் இந்தக் கப்பலில் வேலை செய்தார்கள். வெளியே பல ஊர்களில், கப்பலுக்குச் சாமான் செய்து கொடுத்த தொழிற்சாலைகளில், சுமார் 12,500 பேருக்கு வேலை கிடைத்தது. பெரியதும் சிறியதுமாக 500-க்கு மேற்பட்ட கம்பெனிகள் இதில் பங்கு கொண்டன. அவற்றில் 100-க்கு மேல் சிறு பட்டறைகள்.

சிறு பட்டறைக்கு விமானந்தாங்கிக் கப்பலில் என்ன வேலை? நிறைய உண்டு. வால்வு, பம்பு, ஏணி, கதவுக் கீல், கைப்பிடி, கட்டில், அலமாரி! 2,300 அறை என்றால் எத்தனை கதவு, எத்தனை கீல் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெல்டர் ஒருவர் சம்பளம் வாங்கி வீட்டுக்குப் போகிறார். மளிகைக் கடைக்காரருக்குப் பாக்கி தீர்கிறது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறார். தையற்காரரிடம் துணி போகிறது. தளத்து வாசலில் டீக்கடை நடக்கிறது. ஓட்டுகிறவருக்கு ஆட்டோ ஓடுகிறது. கடலில் விழுந்ததாக நினைத்த ரூபாய், கரையில்தான் நடமாடுகிறது.

உயிரைப் பணயம் வைக்கும் வேலை

இந்தச் சம்பளம் சும்மா வருவது அல்ல.

கப்பலின் வயிற்றுக்குள் வேலை செய்வது சுலபம் இல்லை. காற்று குறைவு. வெப்பம் அதிகம். குனிந்தும் படுத்தும் ஒட்ட வேண்டும். எங்கோ ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வாயு தேங்கி நிற்கலாம். ஒரு பொறி பட்டால் போதும்.

2018 பிப்ரவரி 13-ந் தேதி அப்படித்தான் நடந்தது. கொச்சித் தளத்தில் "சாகர் பூஷண்" என்ற எண்ணெய்த் துளைக் கப்பல் பழுது பார்ப்பதற்காக நின்றது. அதில் வெடி விபத்து ஏற்பட்டது. 5 பேர் இறந்தார்கள். காலையில் வேலைக்குப் புறப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

கப்பலைப் பற்றிப் பெருமை பேசும்போது அந்த ஐந்து குடும்பங்களையும் மறக்கக் கூடாது. வேலை கொடுப்பது பெரிது. வேலை முடிந்து ஆளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது அதைவிடப் பெரிது.

குறையும் உண்டு

விக்ராந்தின் கதையில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது.

அடிக்கட்டை வைத்ததிலிருந்து கடற்படையில் சேரும்வரை 13 ஆண்டுகள் ஆயின. கப்பலைத் திட்டமிட்ட காலத்தில் மதிப்பிட்ட தொகை சுமார் 3,261 கோடி ரூபாய். அது ஆறு மடங்கு ஏறியது. உருக்குத் தாமதம், பல்சக்கரப் பெட்டித் தாமதம், வெளிநாட்டுச் சாமான் தாமதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கடைசியில் கொரோனா நோயும் வந்து சேர்ந்தது.

உள்ளே இருப்பது எல்லாம் நம்முடையதும் அல்ல. கப்பலை ஓட்டும் நான்கு டர்பைன்கள் அமெரிக்கக் கம்பெனியின் வடிவம். மேலே நிற்கும் மிக் விமானங்கள் ரஷ்யாவில் செய்தவை. 2025 ஏப்ரலில் கடற்படைக்காக 26 ரபேல் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. அவை பிரான்சு நாட்டவை.

உடம்பு நம்முடையது, இதயமும் சிறகும் இரவல். அதையும் சொந்தமாக்கிக்கொள்ளும்வரை வேலை பாதிதான் முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

இந்தக் குறைகளைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது கற்ற தொழிலை மறந்துபோவது. அப்படி ஒரு முறை நடந்தே இருக்கிறது.

மறந்த பாடம்

1981-ம் ஆண்டு ஜெர்மனியோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. நான்கு நீர்மூழ்கிக் கப்பல்கள். இரண்டை ஜெர்மனியில் கட்டுவது. இரண்டைப் பம்பாய் மசகான் தளத்தில் கட்டுவது. நம் ஆட்கள் ஜெர்மனி போய்த் தொழில் கற்றார்கள்.

நீர்மூழ்கியின் ஒட்டு வேலை மிகமிக நுட்பமானது. கடலின் ஆழத்தில் நாலா பக்கமும் தண்ணீர் நெருக்கும். ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், எல்லோர் உயிரும் போய்விடும். அந்த நுட்பத்தை நம் தொழிலாளிகள் கற்றுக்கொண்டார்கள். "சால்கி" 1992-ல் வந்தது. "சங்குல்" 1994-ல் வந்தது.

அதன் பிறகு? ஒன்றும் இல்லை!

கமிஷன் வாங்கியதாகப் புகார் கிளம்பியது. மேலும் கட்டும் யோசனை கைவிடப்பட்டது. தளத்தில் நீர்மூழ்கி வேலை நின்றது. கற்றவர்கள் கையில் வேலை இல்லை. சிலர் வேறு வேலைக்குப் போனார்கள். சிலர் வயதாகி ஓய்வு பெற்றார்கள். அவர்களோடு அந்த நுட்பமும் வீட்டுக்குப் போய்விட்டது.

2005-ல் பிரெஞ்சுக் கம்பெனியோடு புதிய ஒப்பந்தம். மறுபடி பாடம், மறுபடி பயிற்சி, மறுபடி முதலிலிருந்து! அந்த வரிசையில் முதல் கப்பலான "கல்வாரி" 2017 டிசம்பரில்தான் கடற்படைக்கு வந்தது. "சங்குலு"க்கும் "கல்வாரி"க்கும் இடையில் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன.

யந்திரத்துக்கு எண்ணெய் போட்டு மூடி வைக்கலாம். தொழிலாளியின் கையை அப்படி மூடி வைக்க முடியாது. வேலை இருந்தால்தான் கை இருக்கும். மூத்தவர் ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இளையவர் கற்கிறார். மூத்தவர் போனபின் இளையவர் வந்தால், கற்றுக்கொடுக்க ஆள் யார்?

அடுத்த முகூர்த்தம்

கொச்சியில் அந்தத் தவறு நடக்கவில்லை. அதுதான் நல்ல சேதி.

விக்ராந்த் முடிவதற்கு முன்பே, 2019-ல், வேறு வேலை வந்துவிட்டது. கரையோரக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கும் 8 சிறு போர்க்கப்பல்கள். 2023 நவம்பர் 30-ந் தேதி அவற்றில் மூன்று ஒரே நாளில் தண்ணீரில் இறங்கின. முதலாவதான "மாஹே" 2025 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது.

2023 மார்ச்சில் ஏவுகணை வீசும் 6 கப்பல்களுக்கு ஆர்டர் கிடைத்தது. மதிப்பு 9,805 கோடி ரூபாய். இந்த வேலை 9 ஆண்டுகளில் 45 லட்சம் ஆள் நாள் வேலை கொடுக்கும் என்று அரசாங்கம் தெரிவித்தது. ஆள் நாள் என்றால் ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை. வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒன்பது ஆண்டுக்கும் தினசரி 1,600-க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை!

2024 ஜனவரியில் 310 மீட்டர் நீளமுள்ள புதிய தொட்டி திறக்கப்பட்டது. செலவு சுமார் 1,800 கோடி ரூபாய். விக்ராந்தைவிடப் பெரிய கப்பலும் அதில் அடங்கும்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் நடக்கிறது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கம்பெனியின் தளம் இருக்கிறது. கல்கத்தா கார்டன் ரீச் தளத்தோடு சேர்ந்து அங்கே கட்டிய "அர்னாலா" என்ற போர்க்கப்பல் 2022 டிசம்பரில் தண்ணீரில் இறங்கியது. 2025 ஜூன் 18-ந் தேதி விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது.

போர்க்கப்பல் மட்டுமே வேலை என்று இருந்தால், சமாதான காலத்தில் பட்டினிதான். கொச்சித் தளத்தினர் அதையும் யோசித்தார்கள். 2022-ல் நார்வே நாட்டுக்கு மின்சாரத்தில் ஓடும் இரண்டு கப்பல்கள் கட்டிக் கொடுத்தார்கள். கொச்சி நகரத்துக்கே மின்சாரப் படகுகள் கட்டினார்கள். 2023 ஏப்ரல் முதல் அந்தப் படகுகள் தீவுக்கும் கரைக்கும் ஜனங்களை ஏற்றிச் செல்கின்றன.

கடற்கோட்டை கட்டிய தளம்தான் அந்தப் படகுகளையும் கட்டியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், காய்கறிக் கூடையோடு வரும் அம்மாவும் அதில் ஏறி வருகிறார்கள்.

பிள்ளைக்கு என்ன மிச்சம்?

போர்க்கப்பல் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. பழைய விக்ராந்த் 36 ஆண்டுகள் உழைத்தது; பிறகு உடைபட்டது. புதிய விக்ராந்துக்கும் ஒரு நாள் ஓய்வு வரும்.

ஆனால், தொழில் ஓய்வு பெற வேண்டியதில்லை. அப்பாவின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு அது போகலாம். தேக்கு மரக் காலத்தில் ஒரு முறை அந்தச் சங்கிலி அறுந்தது. நீர்மூழ்கியில் இன்னொரு முறை அறுந்தது. மூன்றாம் முறை அறாமல் காப்பது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஒரே நாளில் கொட்டிக் கொடுக்கும் பணத்தைவிட, இடைவிடாமல் வரும் வேலைதான் அதைக் காக்கும்.

காலையில் தளத்துக்குள் நுழையும் தொழிலாளி ஒருவருக்குப் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். தொட்டியை எட்டிப் பார்ப்பார். அங்கே ஒரு கப்பலின் அடிக்கட்டை கிடந்தால் போதும். முகமூடியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்!